லோஷினியின் ஏழு வரி

லோஷினியின் கையில் முதன்முதலாக மைக்கைக் கொடுத்தவள் நான்தான். அன்றைக்கே அதன் வயரைப் பிடுங்கி வைத்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். நல்ல மனசுக்காரி இப்படி நினைப்பாளா என்றால், நினைக்க மாட்டாள்தான். என் மனசின் பெருமையைப் பேச நான் இதை எழுதவில்லை.

என் பெயர் யோகேஸ்வரி. ஜொகூரின் கெலாங் பாத்தாவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலையில், மூர்த்தி அண்ணனின் சாப்பாட்டுக் கடையில் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டுத் திறந்த மைக் நடத்துகிறேன். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். ஆளுக்கு ஐந்து நிமிடம். சொந்த வரிகளாக இருக்க வேண்டும். பிடித்துவிட்டால் கைதட்டக் கூடாது, விரலைச் சொடுக்க வேண்டும், சொல்பவரின் குரல் அமுங்கிவிடக் கூடாதல்லவா. எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும், ஏனென்றால் அதற்கு மேல் அண்ணனுக்குப் பரோட்டாக் கூட்டம்.

நான்கு வருடமாக இதை நடத்துகிறேன். பட்டியல் எழுதுவது, நேரம் பார்ப்பது, வெட்கப்படுகிறவர்களைத் தள்ளிவிடுவது எல்லாம் என் பொறுப்பு. பட்டியலின் கடைசி இடம் எப்போதும் எனக்கு. நெருப்பு, சிறகு, விலங்கு, விடியல் என்று என் கவிதைகளில் பெரிய பெரிய சொற்கள் வரும். முடிக்கும்போது குரலை உயர்த்துவேன். கடை முழுக்கச் சொடுக்கும். ஜொகூரில் பேச்சுக் கவிதை என்றால் யோகா என்று நாலு பேர் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அந்த நாலு பேரில் மூன்று பேர் என் சிநேகிதிகள் என்பது வேறு விஷயம்.

அப்போதுதான் லோஷினி வந்தாள். பெக்கான் நானாஸ் பெண், இருபத்தொரு வயது. தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளை எடுத்து, பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டு இருட்டியபின் திரும்புகிறவள். தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டே மைக் முன்னால் வந்து நின்றாள். மைக்கின் உயரத்தை இறக்கிக் கொடுத்தேன்.

"எங்க வீட்டுல மொத மரியாத அலாரத்துக்குத்தான்" என்று ஆரம்பித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. குரலை ஓரிடத்திலும் உயர்த்தவில்லை அவள். பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுவதுபோலப் பேசினாள். மூர்த்தி அண்ணன் கரண்டியும் கையுமாக வெளியே வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே தோசை கருகியது. என் நான்கு வருடக் கவிதைகளில் ஒன்றுக்காவது அந்தக் கடையில் ஒரு தோசை கருகியதில்லை.

மறுநாளே அந்த அலார வரியை அண்ணன் கரும்பலகையில் எழுதிவிட்டார். கீழே "இன்று ஆட்டுக்கறி வறுவல்". வேலை முடிந்து தே, அதாவது டீ, வாங்கப் போகும்போதெல்லாம் அது என் கண்ணில் பட்டது.

"நல்லா இருக்குல்லம்மா?" என்றார் அண்ணன்.

"எழுத்து கோணலா இருக்குண்ணே" என்றேன்.

இதில் பெரிய கொடுமை, லோஷினிக்கு என்னை மிகவும் பிடிக்கும். அக்கா அக்கா என்று உயிரை விடுவாள். அவள் கொஞ்சம் திமிராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

இந்த வருடம் கோலாலம்பூரில் இளையோர் பேச்சுக் கவிதை மேடை ஒன்றை அறிவித்தார்கள். மாநிலத்துக்கு ஒருவர். ஜொகூருக்கு ஆள் தேர்ந்தெடுக்க சுகந்தினி என்பவர் எங்கள் கடைக்கே வருவதாகச் சொன்னார். அந்த மேடையை ஏற்பாடு செய்பவரும் அவர்தான். இரண்டே விதிகள். கையில் தாளோ போனோ இருக்கக் கூடாது. வயது இருபத்தெட்டைத் தாண்டக் கூடாது.

எனக்கு இருபத்தெட்டு. அடுத்த வருடம் அந்த மேடைக்கு நான் பார்வையாளராக மட்டுமே போக முடியும். நான்கு வருடம் மேசை தள்ளியதற்கு, எனக்கென்று ஒரே ஒரு தடவை, அந்த இடம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசை என்று நாகரிகமாகச் சொல்கிறேன். வெறி என்பதுதான் சரி.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது லோஷினி ஒரு குரல் செய்தி அனுப்பினாள். "அக்கா, இதத்தான் அன்னிக்கி சொல்லலாம்னு இருக்கேன். இன்னும் யார்கிட்டயும் காட்டல. கேட்டுட்டு சொல்லுங்கக்கா."

தொழிற்சாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டேன். அவள் அப்பாவின் ரெயின்கோட்டைப் பற்றிய கவிதை. அவரும் இருபது வருடம் அந்தப் பாலத்தில் மோட்டார் ஓட்டியவர். சர்க்கரை வந்து கண் மங்கிய பிறகு போன வருடம்தான் நிறுத்தினார். காலை நாலு மணிக்கு ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு போகிறவர், இரவு ஒன்பதுக்கு அதைக் கழற்றிக் கொடியில் போடுகிறவர், காயாமலே மறுநாள் மறுபடி மாட்டுகிறவர். இப்படியே போகும் கவிதை, நடுவில் ஓரிடத்தில் நின்று, இந்த ஏழு வரியைச் சொல்லும்:

அன்னைக்கு ஞாயித்துக்கெழம. மழ.
ரெயின்கோட்டு கொடியில தொங்குது.
அப்பா வாசல்ல நிக்கிறாரு, வெறும் பனியனோட.
உள்ள வாங்கப்பான்னேன். வரல.
இருவது வருஷமா மழைக்குள்ள போய்ட்டு வந்த மனுசன்
அன்னைக்குத்தான்
நனஞ்சாரு.

அதற்குப் பின் மூன்றே வரியில் கவிதை முடிந்துவிடும்: "இப்ப அந்த ரெயின்கோட்டு என்னோடது. கை நீளமா இருக்கு. மடிச்சு விட்டுக்கறேன்."

பஸ்ஸில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்ட கையோடு கோபமும் வந்தது. என் அப்பாவும் இதே ஊரில்தான் உழைத்தார். அவரிடமும் ரெயின்கோட்டு இருந்தது. அது எங்கே தொங்கியது என்று எனக்கு ஞாபகம் இல்லை. சிறகு, விடியல் என்று எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் கொடியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்திருக்கலாம்.

குறை கண்டுபிடிக்கத்தான் மறுபடி கேட்டேன். மறுபடியும், மறுபடியும். தரம் பார்ப்பது என் தொழில். ஆயிரம் சில்லுகளில் ஒரு கீறல் இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அந்த வாரம் முழுக்க, போகும்போதும் வரும்போதும், லோஷினியின் குரலைக் காதில் போட்டுக்கொண்டு கீறல் தேடினேன். கிடைக்கவில்லை. ஆனால் கவிதை எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அவள் எங்கே மூச்சு விடுகிறாள் என்பதுவரை.

கடைசியில் போன் செய்தேன். "நல்லா இருக்கு லோஷி. ஆனா அந்த ஞாயித்துக்கெழம வருது பாரு, அது கொஞ்சம் இழுக்குதோன்னு தோணுது. அத எடுத்துட்டா சிக்குன்னு இருக்கும்."

அவள் மெல்லச் சொன்னாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்கா. ஆனா அந்த ஏழு வரிக்காகத்தான் மத்ததெல்லாம் எழுதுனேன். அது இல்லன்னா கவிதையே இல்லக்கா."

"ஒன் இஷ்டம்லா" என்றேன். தெரிந்துதான் சொல்கிறாயா, தெரியாமல் சொல்கிறாயா என்று உள்ளே ஒரு குரல் என்னைக் கேட்டது. போனை வைத்துவிட்டேன்.

பட்டியலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடைக்குப் பின்னால் ஒரு சுராவ், சின்னத் தொழுகைக் கூடம், இருக்கிறது. மாலையில் ஏழேகால் வாக்கில் அங்கே தொழுகைக்குப் பாங்கு சொல்வார்கள். அந்த நேரத்தில் மைக்கை அணைத்துவிட்டு அமைதியாக இருப்பது முதல் நாளிலிருந்தே எங்கள் பழக்கம். யாருடைய கவிதையும் நடுவில் அறுபடக் கூடாது என்பதற்காக, பட்டியலில் அந்த நேரத்துக்கு ஒரு வரியைப் பெயர் எழுதாமல் விட்டு, "தே" என்று மட்டும் குறித்து வைப்பேன். பாங்கு முடியும்வரை எல்லாரும் தே குடித்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட அந்த வரி தவறியதில்லை.

தேர்வு நாளுக்கான பட்டியலை எழுதும்போது அந்த வரியை எடுத்துவிட்டேன்.

பத்துப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஒருவருக்கு எத்தனை நிமிடம், அறிமுகத்துக்கு எத்தனை, ஆள் எழுந்து வருவதற்கு எத்தனை என்று கணக்குப் போட்டேன். தொழிற்சாலையில் தினமும் போடும் கணக்குதான். அன்றைக்குப் பாங்கு ஏழு பதினான்குக்கு. ஒன்பதாவது ஆள் ஏழு பன்னிரண்டுக்கு ஆரம்பித்தால், சரியாக நடுவில் நிற்க வேண்டி வரும். ஒன்பதில் லோஷினியின் பெயரை எழுதினேன். பத்தில் என் பெயரை.

அவளை நான் ஒன்றும் தள்ளிவிடவில்லை, சும்மா நிறுத்தி வைக்கிறேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேச்சுக் கவிதையில் ஓட்டம் அறுந்தால் மறுபடி பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கடையில் யாரும் இல்லை.

அன்று மாலை மூர்த்தி அண்ணன் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "தே எப்பம்மா போடுறது?"

"இன்னிக்கி இல்லண்ணே. ஆள் ஜாஸ்தி. பாங்கு சொல்றப்ப மைக்க மட்டும் ஆஃப் பண்ணிக்கலாம்."

அண்ணன் ஒரு மாதிரி பார்த்தார்.

சுகந்தினி முன்வரிசையில் ஒரு சிறிய நோட்டுடன் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், வழக்கறிஞராம். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவர். ஆறேகாலுக்கு ஆரம்பித்தோம். பாலோவிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த கவின் என்ற பையன் தன் முதல் காதலைப் பற்றிச் சொல்லிப் பாதியில் மறந்துபோனான். கூட்டம் விரலைச் சொடுக்கித் தைரியம் கொடுத்தது. அவன் தங்கை எழுந்து அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தாள். அப்படிக் கொடுப்பது எங்களிடம் உண்டு, சுகந்தினியும் அதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை. எட்டாவது ஆள் சீக்கிரமே முடித்துவிட, இரண்டு நிமிடம் மிச்சமானது. நான் மைக்கைப் பிடித்து, இந்தக் கடையில் மைக் வந்த கதை, மூர்த்தி அண்ணனின் பெருந்தன்மை என்று எதையெதையோ பேசி நேரத்தை இழுத்தேன். ஏழு பன்னிரண்டுக்கு லோஷினியைக் கூப்பிட்டேன்.

அவள் வந்து நின்றாள். கையில் தலைக்கவசம் இல்லை. அன்றைக்குப் புதுச் சுடிதார் போட்டிருந்தாள். கவிதை எனக்குத் தெரிந்த வழியில், தெரிந்த மூச்சுகளோடு நடந்தது. ரெயின்கோட்டு கொடியில் தொங்கியது. அப்பா நாலு மணிக்குக் கிளம்பினார், ஒன்பது மணிக்கு ஈர ரெயின்கோட்டோடு வந்தார். சுகந்தினி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

பாங்கு தொடங்கியது. நான் கையை உயர்த்தினேன், மைக்கை அணைத்தேன்.

லோஷினி தலையை லேசாகக் குனிந்துகொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். உட்காரவில்லை, யாரிடமும் பேசவில்லை. மொத்தக் கடையும் அவளோடு சேர்ந்து அமைதியாக இருந்தது. யாரும் போனை எடுக்கவில்லை. அந்தச் சில நிமிடங்களில் கூட்டம் அவளை விட்டு விலகிப் போகும் என்று நினைத்திருந்தேன். விலகவில்லை. எல்லாரும் அவள் விட்ட இடத்தில் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெட்டிய பள்ளத்தையே அவள் மேடை ஆக்கிக்கொண்டாள்.

பாங்கு முடிந்தது. மைக்கைப் போட்டேன். லோஷினி நிமிர்ந்தாள், வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி திறந்தாள். கண்கள் இங்கும் அங்கும் போயின. யாரோ மெதுவாக விரலைச் சொடுக்க, மற்றவர்களும் சொடுக்கினார்கள். எழுபது எண்பது விரல்கள். அவள் முகத்தில் வியர்வை தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். என்னைத்தான் பார்ப்பாள். அந்தக் கவிதையைக் கேட்டிருந்த ஒரே ஆள் அந்த அறையில் நான் ஒருத்திதான்.

அன்னைக்கு ஞாயித்துக்கெழம. மழ.

அந்த வரி என் நாக்கின் நுனியில் இருந்தது. பொய் இல்லை. வாயைத் திறந்தபோதுகூட அதைத்தான் சொல்லப் போகிறேன் என்று நினைத்தேன்.

"இப்ப அந்த ரெயின்கோட்டு என்னோடது" என்றேன்.

லோஷினியின் முகம் மலர்ந்தது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இப்ப அந்த ரெயின்கோட்டு என்னோடது. கை நீளமா இருக்கு. மடிச்சு விட்டுக்கறேன்." முடித்துவிட்டாள். அப்பா மழையில் நிற்கவே இல்லை. அவர் நனையவில்லை என்பது அந்தக் கடையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கூட்டம் நன்றாகவே சொடுக்கியது. லோஷினி மைக்கை விட்டு நகராமல் நின்றாள். "யோகா அக்காதான் இன்னிக்கி என்னைய காப்பாத்துனாங்க. நன்றிக்கா" என்றாள். எனக்கும் சேர்த்துச் சொடுக்கினார்கள்.

பிறகு நான் போய் என் கவிதையைச் சொன்னேன். ஒரு வரியும் மறக்கவில்லை. குரல் உயர வேண்டிய இடத்தில் உயர்ந்தது. சிறகுகள் விரிந்தன, விலங்குகள் உடைந்தன, விடியல் வந்தது. மூர்த்தி அண்ணன் உள்ளே பரோட்டா மாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

சுகந்தினி எங்கள் இருவரையும் ஓரமாக அழைத்துப் பேசினார். "ரெண்டு பேருமே நல்லா செஞ்சீங்க. லோஷினி, ஒங்க கவித அழகா ஆரம்பிச்சிச்சு, ஆனா சின்னதா முடிஞ்சிருச்சு. இன்னும் ஏதோ வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன். பெரிய கூட்டத்துக்கு முன்னாடி நிக்க யோகேஸ்வரி ரெடியா இருக்காங்க. இந்தத் தடவ அவங்க போகட்டும்." பிறகு என்னிடம், அங்கே முன்வரிசையில் உட்கார்ந்து, மறந்தால் வரி எடுத்துக் கொடுக்க ஓர் ஆளைக் கூட்டி வரலாம் என்றார்.

சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. மறைக்க மாட்டேன். மோட்டாரில் வீட்டுக்குப் போகும்போது வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன்.

மறுநாள் காலை லோஷினியிடமிருந்து செய்தி வந்திருந்தது. "அக்கா, அந்த ஏழு வரிய விட்டுட்டேன்னு வீட்டுக்கு வந்துதான் தெரிஞ்சிச்சு. அலமாக், அந்த எடத்துலதான் நின்னுட்டேன் போல. நீங்க அத எடுக்க சொன்னீங்கல்ல, அதான் ஒங்க மனசுல அது இல்லாமலே பதிஞ்சிருக்கு. பரவால்லக்கா. நீங்க மட்டும் குடுக்கலன்னா அப்படியே எறங்கியிருப்பேன். கேஎல்லுக்கு நான் வர்றேன், முன்னாடி உக்காந்து ஒங்களுக்கு நான் எடுத்துக் குடுக்கிறேன்."

என் குற்றத்துக்கு அவளே ஒரு நல்ல காரணத்தையும் செய்து அனுப்பியிருந்தாள். எனக்கு வேலையே வைக்கவில்லை. ஒரு இதயக் குறியை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கடை காலியாக இருக்கும் நேரத்தில் ஒத்திகை வைத்துக்கொண்டோம். மூர்த்தி அண்ணன் உள்ளே படுத்திருந்தார். லோஷினி என் கவிதையை அச்செடுத்து, நான்காக மடித்து எடுத்து வந்திருந்தாள். எதிரில் உட்கார்ந்து தாளை மடியில் விரித்துக்கொண்டாள்.

நான் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது பத்தியில் வேண்டுமென்றே நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. அவளும் என்னைப் போல ஒருத்திதானா என்று பார்க்க நினைத்தேனோ என்னவோ.

அவள் தாளைப் பார்க்காமலேயே அடுத்த வரியைக் கொடுத்தாள். நான் நின்ற இடத்துக்கு அடுத்த வரியைத்தான், ஒன்றையும் தாண்டாமல்.

தொடர்ந்தேன். மறுபடி நின்றேன். மறுபடியும் சரியான வரி. மூன்றாவது தடவை அவள் சிரித்துவிட்டாள்.

"என்னக்கா, எனக்கு டெஸ்ட்டா வெக்கிறீங்க? எல்லாம் மனப்பாடம்கா. மோட்டார்ல போறப்ப சொல்லிக்கிட்டே போவேன். ஒரு வாரமா பாலத்துல ஒங்க கவிததான்."

"நல்லா இருக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சொல்ல சொல்ல பழகிருச்சுக்கா" என்றாள். பிறகு ஞாபகம் வந்தவளாகப் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இங்க பாருங்க. நீங்க சொன்ன மாரியே செஞ்சிட்டேன். அது இல்லாமலே எல்லாரும் நல்லாத்தானே சொடுக்குனாங்க. மொதல்லயே ஒங்க பேச்ச கேட்டுருக்கணும். அடுத்த மாசத்துலேர்ந்து இப்படியே சொல்லப் போறேன்."

திரையில் ரெயின்கோட்டுக் கவிதை இருந்தது. ஒன்பது மணிக்கு அப்பா ஈர ரெயின்கோட்டோடு வந்தார். அதற்கு அடுத்த வரியிலேயே ரெயின்கோட்டு மகளுடையதாகிவிட்டது. நடுவில் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இல்லை, பனியன் இல்லை, மழை இல்லை. அவள் கையாலேயே அழித்திருந்தாள், என் பேச்சை நம்பி.

இடத்தைப் பிடுங்கியதை எப்படியோ தாங்கிக்கொண்டிருந்தேன். இதை என்னால் தாங்க முடியவில்லை. அந்த ஏழு வரியை உலகத்தில் என்னைவிட அதிகமாக யாரும் விரும்பியிருக்க மாட்டார்கள், எழுதிய அவள் உட்பட. அது என்னுடையதாக இல்லையே என்றுதான் நான் அத்தனை நாளும் வெந்து செத்தேன். இல்லாமல் போக வேண்டும் என்று நினைத்ததில்லை.

போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"அன்னைக்கு ஞாயித்துக்கெழம. மழ. ரெயின்கோட்டு கொடியில தொங்குது. அப்பா வாசல்ல நிக்கிறாரு, வெறும் பனியனோட. உள்ள வாங்கப்பான்னேன். வரல. இருவது வருஷமா மழைக்குள்ள போய்ட்டு வந்த மனுசன், அன்னைக்குத்தான், நனஞ்சாரு."

அவள் மூச்சு விடுகிற இடங்களில்தான் நானும் விட்டேன். ஒரு சொல் பிசகவில்லை.

லோஷினி முதலில் சிரித்த முகத்தோடுதான் கேட்டாள். நான்காவது வரியில் சிரிப்பு நின்றது. முடித்த பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

"முழுசா தெரிஞ்சிருக்கு" என்றாள்.

"தெரியும்."

"அன்னிக்கும் தெரியும்."

"அன்னிக்கும் தெரியும் லோஷி."

"தே வரிய காணோமேன்னு மூர்த்தி அண்ணன் அன்னிக்கி என்கிட்டயும் கேட்டாரு. ஆள் ஜாஸ்தி, அதான்னு நாந்தான் அவருக்கு சொன்னேன்." அவள் குரல் அப்போதும் உயரவில்லை. "அதுவும் நீங்கதானா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் போனைக் கையில் எடுத்து, தலையைக் குனிந்துகொண்டு தட்டத் தொடங்கினாள். ஏழு வரியையும் அதனதன் இடத்தில் திரும்ப எழுதினாள். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதி முடித்து, ஒரு தடவை மனசுக்குள் படித்துப் பார்த்துவிட்டுப் போனைப் பையில் போட்டாள்.

"சுகந்தினிகிட்ட நான் சொல்லிடுறேன்" என்றேன். "நடந்தத அப்படியே சொல்றேன். நீ போ. அது ஒன்னோட எடம்."

"வேணாம்."

"லோஷி, கேளு."

"நீங்க குடுத்து நான் வாங்கிக்கற மாரி இருக்க வேணாம். எனக்கு இருவத்தொன்னுதானே ஆவுது. அடுத்த வருஷம் பாத்துக்குவேன்." எழுந்து தலைக்கவசத்தை எடுத்தாள். "நீங்களே போங்க. கஷ்டப்பட்டு வாங்குனீங்க."

அதை அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

என் கவிதை அச்சிட்ட தாளை, வந்த மடிப்பிலேயே நான்காக மடித்து, மேசையில் என் பக்கமாகத் தள்ளிவைத்தாள். வெளியே போனாள். மோட்டார் கூடையிலிருந்து ரெயின்கோட்டை எடுத்தாள். பெக்கான் நானாஸ் பக்கம் வானம் கறுத்திருந்தது. போட்டுக்கொண்டு, கைகளை முதலில் வலது, பிறகு இடது என்று இரண்டு மடிப்பு மடித்து விட்டாள். அந்தக் கை உண்மையிலேயே நீளம்தான்.

மோட்டாரைக் கிளப்பும் முன் ஒரு தடவை திரும்பினாள்.

"அங்க முன்னாடி உக்கார வேற ஆள பாத்துக்குங்கக்கா" என்றாள். "நம்புற ஆளா பாத்துக்குங்க."

கோலாலம்பூர் மேடைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. என் சிநேகிதிகள் மூன்று பேரிடமும் கேட்டுவிட்டேன். மூவரும் வருகிறோம் என்கிறார்கள், ஆனால் தாளைப் பார்த்துத்தான் கொடுக்க முடியும் என்கிறார்கள். மூர்த்தி அண்ணனிடம் கேட்டேன். "ஒன் கவிதையில எனக்கு ஒரு வரிகூட ஞாபகம் இல்லையேம்மா" என்றார் பாவம், வருத்தத்தோடுதான். என் கவிதையை முழுசாக மனப்பாடமாகத் தெரிந்த ஆள் இந்த ஜொகூரில் ஒருத்திதான் இருக்கிறாள். அவள் இந்நேரம் பாலத்தில் போய்க்கொண்டிருப்பாள், வேறு ஏதோ சொல்லிக்கொண்டு.